வைராக்கியத்தின் தலையில் கட்டாதீர்கள்

"மனசு வெச்சா விட்டுடலாம்." சிகரெட் பிடிப்பவருக்கு இந்த ஊரில் கிடைக்கும் அறிவுரைகளில் முதலிடம் இதற்குத்தான். மனைவி சொல்வார், மாமனார் சொல்வார், இருமலுக்குப் போன இடத்தில் டாக்டரும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடியே சொல்வார். கூடவே ஒரு சாட்சியும் வரும். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதிய பெரியப்பா ஒரு காலையில் பாக்கெட்டைக் கசக்கி எறிந்தார், அதற்கப்புறம் தொடவே இல்லை. கேட்டவர் தலையாட்டிவிட்டு வெளியே வருவார். பெட்டிக்கடையில் கனிந்துகொண்டிருக்கும் கயிற்று நுனியில் ஒன்றைப் பற்றவைப்பார். பெரியப்பாவுக்கு இருந்த நெஞ்சுரம் நமக்கு இல்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிடுவார்.

அந்த முடிவு தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்த முடிவுக்கு அவரைத் தள்ளிய அறிவுரை.

மனசு இல்லாமலா இருக்கிறது? 2016-17இல் இந்தியாவில் நடந்த வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். புகைபிடிப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிட்டிருந்தார்கள் அல்லது விடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்கள். 38.5 சதவீதம் பேர் முந்தைய 12 மாதங்களுக்குள் விட்டுப் பார்த்தும் இருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எண்ணம் இருக்கிறது, மூன்றில் ஒருவருக்கு மேல் முயற்சியும் இருக்கிறது. இவர்களிடம் போய் மனசு வையுங்கள் என்பது, பசித்து இலை முன் உட்கார்ந்திருப்பவரிடம் பசி வேண்டும் என்று சொல்வது போலத்தான்.

எந்த உதவியும் இல்லாமல் விடுபவர்களின் கதி என்ன என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று. நூறு பேர் இன்று விட்டால், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துப் புகையாமல் இருப்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர். பெரியப்பா அந்த ஐவரில் ஒருவர். அவர் கதை கல்யாண வீட்டில் சொல்லப்படும். பத்தாம் நாள் திரும்பப் பற்றவைத்த மற்ற பெரியப்பாக்களின் கதையை யாரும் சொல்வதில்லை, அவர்களே சொல்வதில்லை.

இதற்குக் கெட்டிக்காரத்தனமான பதில் ஒன்று உண்டு. இன்றைக்கு உலகத்தில் புகையை விட்டுவிட்டவர்களில் பெரும்பாலோர் மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் தாமாக விட்டவர்களே என்று ஆஸ்திரேலியப் பொதுச் சுகாதாரப் பேராசிரியர் சைமன் சாப்மன் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அவர் சொல்லும் தகவல் சரி. அதிலிருந்து மனஉறுதிக் கட்சியினர் எடுக்கும் முடிவுதான் கோணல். உதாரணத்துக்கு, ஆயிரம் பேர் தனியாக முயன்று 40 பேர் விடுகிறார்கள், நூறு பேர் உதவியோடு முயன்று 15 பேர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டவர்கள் 55 பேர், அதில் 40 பேர் தாமாக விட்டவர்கள். பெரும்பான்மை அவர்கள்தான். ஆனால் நாளைக்கு விடப்போகிற ஒருவருக்கு எந்த வழியில் வாய்ப்பு அதிகம் என்று கேட்டால், முதல் வழியில் நூற்றுக்கு நான்கு, இரண்டாவதில் பதினைந்து. தனியாக விட முடிந்தவர் தாராளமாக விடட்டும். அவரைக் காட்டி மற்றவர்களை வெட்கப்படுத்துவதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

ஏன் இவ்வளவு கஷ்டம்? உள்ளே இழுத்த புகையிலிருந்து நிக்கோடின் 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொடுகிறது. ஊசி போட்டுக்கொண்டாலும் இதைவிட வேகமாகப் போய்ச் சேராது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று வைத்தால், நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவர் தினமும் 200 தடவை, வருஷத்துக்கு 73,000 தடவை மூளைக்கு ஒரு சின்னச் சுகத்தைப் பழக்கிக் கொடுக்கிறார். எந்தக் குடிகாரரும் நாளுக்கு 200 மடக்கு குடிப்பதில்லை. பீடியானால் விஷயம் இன்னும் மோசம். அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும் என்பதால் பீடி பிடிப்பவர் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தில் மூளையும் மாறிப்போகிறது. நிக்கோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. இரத்தத்தில் இருக்கும் நிக்கோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிறது. ராத்திரி தூங்கி எழும்போது பெருகிப்போன அத்தனை ஏற்பிகளும் காலியாகக் காத்திருக்கின்றன. காலையில் அந்த முதல் சிகரெட் மட்டும் ஏன் அவ்வளவு ருசி என்பதற்குக் காரணம் இதுதான். விட்டவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல், எதிலும் மனம் பதியாமை, ஓயாத பசி எல்லாம் வரிசையாக வரும். முதல் வாரத்தில், அதிலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். "விட்டதிலிருந்து வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறார்" என்று மனைவி சொல்வது குணத்தைப் பற்றிய புகாராக இருக்கலாம். உண்மையில் அது நோய்க்குறி.

2007இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. மூளையில் காயம்பட்ட புகைபிடிப்பவர்களை நக்வியும் பெஷாராவும் அவர்களுடைய சகாக்களும் ஆராய்ந்திருந்தார்கள். இன்சுலா என்ற பகுதியில் அடிபட்டவர்களில் பலர் ஒரே நாளில், எந்தப் போராட்டமும் இல்லாமல், திரும்ப ஆசையே வராமல் விட்டிருந்தார்கள். உடம்பே அந்த உந்துதலை மறந்துவிட்டது என்றார் அவர்களில் ஒருவர். பக்கவாதம் வந்து அவருக்கு வைராக்கியம் கூடிவிட்டதா என்ன?

மறுபக்கம் சிக்மண்ட் ஃப்ராய்ட். மனித மனத்தையே தொழிலாக எடுத்துக்கொண்டவர், கட்டுப்பாடான உழைப்பாளி. 1890-களிலேயே இதயத் தொந்தரவு காரணமாகச் சுருட்டை விடும்படி நண்பரும் மருத்துவருமான ஃப்ளீஸ் வற்புறுத்தினார். ஃப்ராய்ட் விட்டுப் பார்த்தார், திரும்பவும் தொடங்கினார். 1923இல் வாயில் புற்றுநோய். அதற்குப் பின் 30க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். நாளுக்கு 20 சுருட்டு என்ற அளவுக்குப் போயிருந்த பழக்கம் அவரை விடவே இல்லை. அவருக்கு மனஉறுதி போதாது என்று தீர்ப்புச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

இந்த இடத்தில் மனஉறுதிக் கட்சியினர் தங்கள் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்கள். "ஐயப்பனுக்கு மாலை போட்டால் மட்டும் எப்படி விட முடிகிறது?" நியாயமான கேள்வி. ஒரு மணி நேரம் தாங்காத ஆள், கார்த்திகை முதல் தேதி துளசி மாலை கழுத்தில் விழுந்ததும் 41 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருப்பதைத் தமிழ்நாட்டில் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். இருமுடி இறக்கி, மாலையைக் கழற்றிய கையோடு வரும் வழியிலேயே ஒன்றைப் பற்றவைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். ஆள் அவர்தான், மனசும் அதேதான். 41ஆம் நாளுக்கும் 42ஆம் நாளுக்கும் நடுவே மாறியது என்ன?

மாறியது அவரைச் சுற்றி இருந்த எல்லாமும். மாலை போட்டவர் விடிவதற்குள் எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கிறார். காலைக்கடனோடு ஒட்டிக்கொண்டிருந்த முதல் சிகரெட்டின் இடத்தில் இப்போது சரணம் விளிப்பது இருக்கிறது. உடுத்துவது கறுப்போ நீலமோ காவியோ, பார்த்த மாத்திரத்தில் ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். மனைவியிலிருந்து கண்டக்டர்வரை எல்லாரும் 'சாமி' என்கிறார்கள். அலுவலக நண்பர்கள் தம்முக்குக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் பாவம் என்று பயப்படுகிறார்கள். கடைக்காரரே நீட்ட மாட்டார். வழிநடத்த ஒரு குருசாமி, சாயங்காலம் பஜனை, கூடவே அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர், முடியும் தேதியும் முன்கூட்டியே தெரியும். புகையை விட உதவும் மையம் ஒன்றை நிபுணர்கள் கூடி வடிவமைத்தாலும் இத்தனை ஏற்பாட்டைச் சேர்த்திருக்க மாட்டார்கள். மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் கலைந்துவிடுகிறது. பழைய டீக்கடை, பழைய பெஞ்சு, பழைய கூட்டாளிகள். நோன்பு மாதத்தில் பொழுது சாயும்வரை பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் இருந்துவிட்டு, நோன்பு திறந்ததும் வாசலுக்குப் போகும் முஸ்லிம் நண்பர்களின் கதையும் இதுவே. வைராக்கியத்தைவிட ஏற்பாட்டுக்கே பலம் அதிகம் என்பதற்கு மாலையைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை எதிர்க்கட்சி தன் சாட்சியாகக் கூட்டிவருவதுதான் வேடிக்கை.

இஸ்ரேலிய உளவியலாளர் ரூவன் டார் இதையே விமானத்துக்குள் அளந்து பார்த்தார். புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம், குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும், ஏக்கம் எவ்வளவு இருக்கிறது என்று இடையிடையே கேட்டார்கள். கடைசி சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது ஏக்கத்தை அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. விமானம் இறங்கப்போகும் நேரம் நெருங்கியதும் அது எகிறியது. இறங்கினால் பற்றவைக்கலாம் என்று தெரிந்த நேரத்தில்தான் வேட்கை தலைதூக்கியது. 2010இல் வெளியான இந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா எல்லாம் மனசுதான் என்று யாரும் குதிக்க வேண்டாம். நடுவானில் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போராடவில்லை. அங்கே வழியே இல்லை என்பதால் ஏக்கம் அந்த அளவுக்கு எழவில்லை. எழும் ஏக்கத்தோடு மல்லுக்கட்டுவது வேறு, ஏக்கம் எழும் இடங்களைக் குறைப்பது வேறு.

தமிழ்நாட்டில் அந்த இடங்கள் எவை என்று யாருக்கும் பட்டியல் போட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பதினோரு மணி டீ, சாப்பாட்டுக்குப் பிந்தைய அரை மணி, பஸ் ஸ்டாண்டு, கிளாஸ் ஊற்றும் ராத்திரி. ஒரு தடவை எழும் ஏக்கம் பொதுவாகச் சில நிமிஷங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிஷத்தைக் கடை வாசலில் நின்று கடப்பதும், கேன்டீனுக்குள் மோர் குடித்தபடி கடப்பதும் ஒன்றல்ல. முதல் ஒரு மாதத்துக்குக் கடையை மாற்றிக்கொள்பவர், கூட்டாளிகளிடம் முன்னாலேயே சொல்லிவைப்பவர், வீட்டிலும் வண்டியிலும் ஒளித்துவைத்ததையெல்லாம் தேடி எறிபவர் கோழை இல்லை, காரியக்காரர்.

வைராக்கியத்தில் பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்று வகை சொல்லிவைத்த சமூகம் இது. மூன்றும் சீக்கிரமே கரைந்துவிடும் என்று தெரிந்து சொன்ன கேலி அது. புற்றுநோயில் போன நண்பனைத் தகனம் செய்துவிட்டு, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவரின் கையில் பதினாறாம் நாள் காரியத்தின்போது சிகரெட் இருந்தால், அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இந்த 'மனசு' வாதத்தால் கொழுத்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். 1988 மே மாதம், அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், நிக்கோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்று விரிவான அறிக்கை வெளியிட்டார். அடுத்த மாதமே நியூஜெர்சியில் ரோஸ் சிப்பலோன் வழக்கில் ஜூரிகளின் தீர்ப்பு வந்தது. 16 வயதில் தொடங்கிய பெண் அவர். நுரையீரலை அறுத்து எடுத்த பிறகும் ஒளிந்து ஒளிந்து பிடித்து, 1984இல் இறந்தார். புகைத்தது அவருடைய சொந்த விருப்பம் என்று சிகரெட் கம்பெனி வக்கீல்கள் வாதாடினார்கள். 80 சதவீதப் பொறுப்பு ரோஸினுடையதே என்றார்கள் ஜூரிகள். கணவருக்கு மட்டும் 4 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். மேல்முறையீட்டில் அதுவும் நிலைக்கவில்லை. 1994 ஏப்ரலில் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு, நிக்கோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்று வரிசையாகச் சொன்னார்கள். பிடிப்பவர் நினைத்தால் விடலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கேடயம். அதே வாக்கியத்தை நம் வீட்டுக் கூடத்தில் அக்கறையோடு சொல்கிறோம்.

அடுத்த ஆட்சேபம் மருந்தைப் பற்றியது. "சிகரெட்டை விட நிக்கோடின் சூயிங்கமா? ஒரு விஷத்துக்கு இன்னொரு விஷமா?" புற்றுநோயையும் நுரையீரல் அடைப்பையும் பெரும்பாலும் கொண்டுவருவது புகையில் இருக்கும் தாரும் மற்ற நச்சுகளும். ஆளைக் கட்டிப்போடுவது நிக்கோடின். 1970-களிலேயே பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் இதைப் பிரித்துக் காட்டிவிட்டார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத ஸ்வீடன் மாலுமிகள் மூக்குப்பொடி போன்ற வாய்ப்புகையிலையை அடக்கிச் சமாளித்ததைக் கேள்விப்பட்டு, ஸ்வீடனின் லியோ மருந்துக் கம்பெனியில் ஊவே ஃபெர்னோ உருவாக்கியதுதான் நிக்கோடின் சூயிங்கம். புகை இல்லாமல் நிக்கோடினை மெதுவாகக் கொடுத்து, மூளையைப் படிப்படியாக இறக்கிவிடும் ஏற்பாடு. அமெரிக்க அதிபராக இருந்தபோது பராக் ஒபாமா மென்றதும் இதைத்தான். அவருக்கு உதவி தேவைப்பட்டது என்பதற்காக யாரும் அவரை மனஉறுதி இல்லாதவர் என்று சொல்லவில்லை.

நிக்கோடின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை வகையறா வெற்றி வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகின்றன என்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த முடிவு. பட்டையோடு சூயிங்கமும் சேர்ந்தால் இன்னும் நல்லது. வரெனிக்லின் மாத்திரை தனிப் பட்டையையோ தனிச் சூயிங்கத்தையோ விட வலுவானது. நிக்கோடின் உட்காரும் ஏற்பியில் தான் உட்கார்ந்து, ஏக்கத்தையும் தணித்து, பிடித்தாலும் ருசிக்காமல் செய்கிறது. அது மனநிலையைக் கெடுக்கும் என்ற பயம் பரவியிருந்தது. 8,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2016இல் வெளியான ஆய்வில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் மாத்திரைப் பெட்டியில் இருந்த கடும் எச்சரிக்கையை அதே வருஷம் எடுத்துவிட்டது.

"நான் மென்று பார்த்தேன், வேலைக்கு ஆகவில்லை" என்பவர்கள் நிறைய. பெரும்பாலோர் அதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று விழுங்கியவர்கள். சரியான முறை வேறு. மெதுவாக மெல்ல வேண்டும். சுரீரென்று காரம் தட்டியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் திரும்ப மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். விழுங்கினால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிச்சம். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் காபி, ஜூஸ் கூடாது, வாயில் புளிப்பு ஏறினால் மருந்து உள்ளே இறங்காது. காபியில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. புகைபிடிப்பவர் ஈரல் காஃபீனை வேகமாகக் கரைத்துத் தள்ளும். விட்டதும் அந்த வேகம் குறைகிறது. அதே மூன்று ஃபில்டர் காபி குடித்தாலும் இரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்காக நிற்கும். கை நடுங்கும், தூக்கம் வராது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பார் பாவம். காபியைப் பாதியாகக் குறையுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

குறைத்துக்கொண்டே வந்து விடலாம் என்ற நடுவழி யோசனையும் நம்பும்படியாக இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் இழுப்பு ஆழமாகிறது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், 20 பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 697 பேரிடம் செய்த சோதனையில், தேதி குறித்து ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேரும், படிப்படியாகக் குறைத்தவர்களில் 39 சதவீதம் பேரும் நான்கு வாரம் தாக்குப்பிடித்தார்கள். "பார்த்தீர்களா, பெரியப்பா செய்தது சரி" என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். இரண்டு குழுவுக்கும் நிக்கோடின் மருந்தும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டிருந்தன.

அரசாங்கத்துக்கும் இந்த அறிவுரை வசதிதான். பிடிப்பவர் மனசு வைக்க வேண்டும் என்றால், மற்றவர்கள் எதுவும் வைக்க வேண்டியதில்லை. நிக்கோடின் மாற்று மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009இலேயே சேர்ந்துவிட்டது, இந்தியப் பட்டியலில் 2022இல். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனை 2016இல் தொடங்கியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து அந்த எண்ணை ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் நம் ஊரில் பீடிக்கட்டையும் பாக்கெட்டையும் பிரித்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ஒற்றைச் சிகரெட்டாக வாங்குபவர் கையில் சிகரெட் மட்டும் வருகிறது. அழுகிய தொண்டைப் படமும் உதவி எண்ணும் கடைக்காரரின் அலமாரியிலேயே நின்றுவிடுகின்றன.

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கும் டாக்டரிடம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். ஸ்வீடன் உளவியலாளர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம் 1970-களில் வகுத்த கேள்விப் பட்டியலில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் பிடி பலமானது. அரை மணிக்குள் என்றால் 2 மி.கி. சூயிங்கம் போதாது, 4 மி.கி. வேண்டும். இதயநோய், கர்ப்பம், வலிப்பு என்று ஏதாவது இருந்தால் அதற்கேற்ப மருந்து மாற வேண்டும். இவற்றை விசாரிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. விசாரித்துவிட்டு, விடும் தேதியையும் மருந்தின் பெயரையும் மெல்லும் முறையையும் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். அதே சீட்டில் மறுபடி வரவேண்டிய நாளையும் குறிக்க வேண்டும். அந்த நாள் ஒரு மாதம் கழித்து இருந்து பயனில்லை, முதல் வாரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். விட்டவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது அந்த வாரத்தில்தான்.